ரூபிக் கம்பி உடைந்த நாள்

அமெரிக்கப் படைகள் வியட்நாமின் சைகோனைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த வருடம் அது. காரைக்கால்காரரான என் கணவர் அங்கே விஞ்ஞானக் கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர். அவருடைய பரிசோதனைக் கூடத்தில் விரல் நீள ரூபிக் கம்பி ஒன்று, கம்பிபோல் உருட்டிய செயற்கை மாணிக்கக் கல், இருந்தது. சுவரோரம் வரிசையாக மின்தேக்கிகள். அவற்றில் சேர்ந்த மின்சாரத்தை ஒரே வீச்சில் விட்டால் ரூபியிலிருந்து சிவப்பாக லேசர் பாயும். சவர பிளேடில் ஓட்டை விழும். நான் ஆசிரியையாக இருந்த பள்ளிக்கூடத்தில் வகுப்புகள் முடிந்து அங்கே போகும்போதெல்லாம் நான் மின்தேக்கிகளைவிட்டுத் தள்ளியே நிற்பேன். கரண்ட் போன பிறகும் அவற்றுக்குள் ஆளைக் கொல்லும் அளவு மிச்சமிருக்கும் என்று சொல்லியிருந்தார்.

அவர் கனவு அந்த பிளேடைவிடப் பெரியது. கடல் தண்ணீரிலிருந்து பிரித்த கன ஹைட்ரஜனைக் கடுகளவு உருண்டையாக்கி, எல்லாப் பக்கமும் லேசரால் அடித்து நசுக்கினால் சூரியனுக்குள் நடப்பது அதற்குள் நடக்கும். அந்தச் சூட்டில் மின்சாரம் எடுக்கலாம். வெளிநாடுகளில் அப்போதுதான் முயன்றுகொண்டிருந்தார்கள். அடிக்கடி இருட்டில் கிடந்த ஊரில் இதையெல்லாம் கேட்க எனக்கும் ஆசையாக இருந்தது.

ஒரு பிற்பகல் கல்லூரியில் இதைப் பற்றிப் பேசினார். கடைசி வரிசையில், யாரும் அழைக்காத ராணுவ அதிகாரி ஒருவர் இருந்தார். உருண்டை வெடிப்பது ஹைட்ரஜன் குண்டு வெடிப்பது போலத்தானா என்று பிரெஞ்சில் பணிவாகக் கேட்டார். ஆமாம், மிகச் சிறியது, அவ்வளவுதான் என்றார் இவர்.

மறுநாளிலிருந்து எங்கள் தெருமுனையில் ஒரு ஜீப் நின்றது. பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று ராணுவத்தார் எங்கள் பாஸ்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டார்கள். பிறகு, லேசர் கருவியைத் தங்கள் முகாமுக்கு மாற்றப்போவதாகவும், இவரும் கூடவே வர வேண்டும் என்றும் சொன்னார்கள்.

"அவங்க கேக்கிற குண்டு இதால ஆவாதுன்னு சொல்லிடுங்களேன்" என்றேன்.

"சொல்லிட்டேன். குண்டு வேணாமாம். எதிரியோட கண்ணப் பறிக்க இந்த வெளிச்சம் போதும்னு கண்டுபுடிச்சிட்டாங்க."

கருவியை ஏற்றிப்போக லாரி வருவதற்கு முந்தின நாள் என்னையும் கூட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனார். எனக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, சுவரோரம் நிற்கச் சொன்னார். மின்தேக்கிகளில் வழக்கத்தைவிட வெகு அதிகமாக மின்சாரம் ஏற்றினார். அவை முனகத் தொடங்கின. பொத்தானை அழுத்தியதும் படீரென்று சத்தம். ரூபி இரண்டாகப் பிளந்துவிட்டது. பிரான்சில் படித்த காலத்திலிருந்து அவர் பொத்திப் பாதுகாத்த கல். தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் அந்த அதிகாரியே வந்தார். துண்டுகளை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எப்படி உடைந்தது என்று கேட்கவில்லை. புதுக் கல்லை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம், உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார். எங்கள் முன்னாலேயே துண்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

புதுக் கல் வருவதற்குள் சைகோன் வடக்கின் கையில் விழுந்து ஆட்சியே போய்விட்டது. அதுவரை ஜீப் அங்கேயே நின்றது. வீட்டுக்குள்ளேயும் நாங்கள் தாழ்ந்த குரலில்தான் பேசினோம்.