தொப்பிக்குள் அக்கா

தம்பி அலைச்சறுக்குப் படம் எடுக்கக் கிளம்பியபோது, பள்ளி வேன் ஓட்டும் அக்கா விடுப்பு போட்டுவிட்டுக் கூடவே போனாள். கதாநாயகன் கடற்கரை கடற்கரையாக வேனில் சுற்றும் கதை. நடிகனுக்கோ கியர் மாற்றவே தெரியாது. அதனால் தூரக் காட்சிகளில் அவனுடைய தொப்பியை மாட்டிக்கொண்டு அக்காவே ஓட்டினாள்.

விளம்பரத்துக்கும் ஆளில்லை. அதே வேனின் கூரையில் சறுக்குப் பலகைகளைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் போஸ்டர் ஒட்டினாள். ஓர் ஊரில் படம் பார்க்க வந்ததே பதினொரு பேர்தான். அவர்களில் ஒரு லாரி டிரைவர் தம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஹீரோ நடிப்பு சுமார்தான். ஆனா கொண்டை ஊசி வளைவுல வண்டிய ஒடிச்சு எடுத்தான் பாருங்க, கைதேர்ந்த ஆளு!"

"அது நான்தாங்க" என்றாள் அக்கா, பசை காயாத கையோடு.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மறுநாள் காட்சிக்கு ஏழு டிரைவர்களை இழுத்துக்கொண்டு வந்தார்.