ஆட்டுக்கு ஐந்தடி வேலி

நான் ஏழாம் வகுப்புப் படித்த வருஷம் எங்கள் வீட்டைச் சுற்றிக் கம்பி வேலி போட்டோம். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டுக்கு மிக அருகில் இருந்தது வீடு. அதைக் கட்டி முடித்தபோது கையில் இருந்த காசும் முடிந்திருந்ததால், முன்பக்கம் வெட்டவெளியாகவும் பின்பக்கம் கருவேலங்காடாகவும் அப்படியே விட்டிருந்தோம். அம்மா மில்லில் கட்டி வந்த சீட்டுப் பணம் முப்பதாயிரம் வந்தது. வந்த மறுநாளே, வேலி போடப் போவதாகச் சொல்லிவிட்டாள்.

எதற்கு என்று கேட்டவர்களிடமெல்லாம் ஆடு என்றாள். நம்பக்கூடிய காரணம்தான். குடத்தில் தூக்கி ஊற்றி அவள் வளர்த்த முருங்கையையும் நான்கு கத்தரிச் செடிகளையும் ஊர் ஆடுகள் இரண்டு முறை மொட்டையடித்திருந்தன. லாரியோடு ஆந்திராப் பக்கம் போயிருந்த அப்பா, "ஒத்த முருங்கைக்கு முப்பதாயிரமா?" என்று போனில் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

எனக்கு அந்தப் பணத்தின் மேல் வேறு ஒரு கண் இருந்தது. பள்ளிக்கூடத்தில் குற்றாலத்துக்கு டூர் போட்டிருந்தார்கள். எழுநூறு ரூபாய் கட்ட வேண்டும். வேலியில் மிச்சம் வந்தால் தருகிறேன் என்று அம்மா சொல்லியிருந்தாள். அதனால் கணக்கு எழுதும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை வேலிக்காரர் மொபெட்டில் வந்தார். ஐம்பது வயசிருக்கும். டேப்பின் ஒரு முனையை என்னிடம் கொடுத்துவிட்டு நாலு பக்கமும் நடந்தார். மொத்தம் இருநூறு அடி. மூலைக்கு முட்டுக்கொடுப்பதையும் சேர்த்து முப்பத்து மூன்று தூண்.

"ஆட்டுக்குன்னா நாலடி போதும் தங்கச்சி. மேல ரெண்டு வரி முள்ளுக்கம்பி இழுத்துட்டா ஒண்ணும் எக்காது" என்றார்.

"அஞ்சடி வேணும்ணே. முள்ளுக்கம்பி வேணாம்."

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்துத் தலையைச் சொறிந்தார். "அஞ்சடி ஆடு எந்த ஊருல இருக்கு? சும்மா மூவாயிரம் கூட ஆகும்."

தூண், வலை, இரும்புக் கேட்டு, கூலி ஆறாயிரம் என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக் கூட்டினேன். முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று ஐம்பது வந்தது. அம்மா நோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இதுதான் சமயம் என்று நான் என் யோசனையைச் சொன்னேன். பின்பக்கத்தில் கருவேல முள்ளே அடர்ந்து கிடக்கிறது, அங்கே வேலி எதற்கு? மூன்று பக்கம், நாலடி, மேலே முள்கம்பி. இருபத்தேழாயிரத்துக்குள் முடித்துக் காட்டினேன்.

"பிள்ளை சரியாத்தான் சொல்லுது" என்றார் வேலிக்காரர்.

"நாலு பக்கமும் வேணும். நீ வாய மூடிட்டு எழுதுடி" என்றாள் அம்மா.

இங்கே தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனுக்கு அப்போது நாலு வயசு. பேச்சு வரவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். ஆனால் எங்கோ பஸ் ஹாரன் கேட்டால் போதும், ரோட்டைப் பார்த்து ஓடுவான். அம்மா மில்லுக்கும் நான் பள்ளிக்கும் போன பிறகு அவனைப் பார்த்துக்கொண்டது, எங்களோடு இருந்த அத்தை. அவளுக்கு முழங்கால் வலி. சுவரைப் பிடித்துத்தான் எழுந்திருப்பாள். நான் வீட்டில் இருந்தால் துரத்திப் பிடிப்பது என் வேலை. தண்ணீர் எடுக்கிற மாதிரி அதுவும் ஒரு வேலை என்றே நினைத்திருந்தேன்.

அன்றைக்குக் கணக்கு மும்முரத்தில் நான் கவனிக்கவில்லை. ஹாரன் கேட்டபோது தம்பி பாதி தூரம் போயிருந்தான். அம்மா கத்தினாள். அவனுக்குப் பக்கத்தில் இருந்தவர் வேலிக்காரர்தான். டேப்பைப் போட்டுவிட்டு ஓடி, தார் ரோட்டின் விளிம்பில் அவனை வாரித் தூக்கினார். பஸ் எங்கள் எல்லோர் மேலும் புழுதியை அடித்துவிட்டுப் போனது. தம்பி அவர் மணிக்கட்டைக் கடித்தான். அவர் கையை உதறவில்லை. அம்மா வந்து வாங்கும் வரை அப்படியே வைத்திருந்தார்.

வேலிக்காரர், இரும்புக் கேட்டு வரப்போகிற இடத்தில் நின்று ரோட்டைப் பார்த்தார், வாசலில் நின்ற அத்தையைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, "பழசை அடிச்சிரு தாயி. புதுசா எழுது" என்றார்.

"அஞ்சடியே போட்ருவோம் தங்கச்சி. பெரிய கண்ணு வலை வேணாம், சின்னக் கண்ணு போடுறேன். ஆடு கால் வச்சு ஏறாது. கேட்டுக்குத் தாழ்ப்பாளை வெளிப்பக்கம் உசரத்துல வச்சிரலாம். நீங்க மேல கையை விட்டுத் தொறந்துக்கலாம்."

"ஆடு வெளியதானே நிக்கும்? தாழ்ப்பாளும் வெளிய இருந்தா எப்படி?" என்று கேட்டேன்.

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இந்த ஊரு ஆடு அப்படித்தான்" என்றார் அவர். "கூலி மூவாயிரம்னு எழுது."

"ஆறாயிரம்னு சொன்னீங்க."

"அது வேற வேலிக்கு."

வலை உயரமானால் வேலை கூடும், வேலை கூடினால் கூலியும் கூட வேண்டும் என்று அவருக்கு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மூணுன்னே போடு தாயி" என்றார். இருபத்தொன்பதாயிரத்து எழுநூற்று ஐம்பது. சின்னக் கண் வலைக்கு விலை கூட என்று பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்கு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. கணக்கு வராத மனுஷன் என்று நினைத்தேன். என் கவலை மிச்சத்தைப் பற்றியது. இருநூற்று ஐம்பது ரூபாயில் குற்றாலம் போக முடியாது. இரண்டு நாள் அம்மாவோடு பேசாமல் இருந்தேன். மூன்றாவது நாள், "உனக்கு ஆடுதான் பெருசு" என்று சண்டை போட்டேன்.

வேலை நாலு நாளில் முடிந்தது. கடைசி நாள் வேலிக்காரர், தம்பியின் உயரத்துக்குக் குனிந்து, இருநூறு அடியும் வெறுங்கையால் வலையைத் தடவிக்கொண்டே வந்தார். நீட்டிக்கொண்டிருந்த கம்பி முனைகளைக் குறடால் மடக்கினார். தம்பி வலைக் கண்ணில் விரலை விட்டபடி, போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் அம்மா காலை ஷிப்டுக்குக் கிளம்பினாள். மில் வேன் நிற்கும் முக்கு வரை நடப்பதற்குள் நாலைந்து முறையாவது வீட்டைத் திரும்பிப் பார்ப்பது அவள் வழக்கம். அன்றைக்குத் தூக்குவாளியைக் கை மாற்றினாள், சேலையைச் சரி செய்தாள், எதிரே வந்த யாரிடமோ ஒரு வார்த்தை பேசினாள். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. கேட்டுக்கு இந்தப் பக்கம் தம்பியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்த நான், என் மேல் இருந்த கோபம் அவளுக்கு இன்னும் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.