மாங்கொட்டைப் பங்கு

கோப்பாயில் நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்கு மாஸ்டர் இருந்தார். மெலிந்த மனிதர். வேட்டிக்குக் கீழே ஒரு காலில் எப்போதும் சீலைக்கட்டு. சலரோகத்தால், நீரிழிவுதான், அந்தப் புண் மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்தது. கடைகளில் சீனி கிடைக்காத காலம் அது. அவருக்கு அந்தக் கவலை இல்லை. சீனி போடாத வெறுந்தேத்தண்ணி குடிப்பார். மதியம் கேழ்வரகு மாவில் அவித்த குரக்கன் பிட்டுத்தான்.

கறுத்தக்கொழும்பான் மா பழுக்கும் காலத்தில் மட்டும் தினமும் வீட்டு மரத்துப் பழம் ஒன்று கொண்டுவருவார். தானே வெட்டி, இரண்டு பக்கச் சதையையும் மற்ற ஆசிரியர்களான எங்களுக்குத் தந்துவிட்டு, கொட்டையைப் பிட்டோடு சேர்த்து மணி அடிக்கும்வரை சூப்புவார்.

"மாஸ்டர், மாம்பழம் உங்களுக்குக் கூடாதெல்லோ?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஓம் ரீச்சர். அதுதான் பழத்தை உங்களுக்குத் தந்திட்டன். இது கொட்டைதானே."

நாள் போகப் போக எங்களுடைய துண்டுகள் மெலிந்தன, அவருடைய கொட்டை கொழுத்தது. ஆசிரியர் அறையில் ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

ஒருநாள் சீலைக்கட்டில் ஈரம் ஊறியிருந்ததைக் கண்டேன். "இண்டைக்கு நான் வெட்டுறன், தாங்கோ" என்று கத்தியை வாங்கினேன். அவர் மறுக்கவில்லை. பிட்டுப் பெட்டியைத் திறந்து வைத்தபடி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொட்டையோடு ஒட்ட வெட்டவேண்டும் என்றுதான் கத்தியை வைத்தேன். வெட்டி முடித்தபோது, அவர் வழக்கமாக விடுவதைவிடக் கூடுதலாகவே சதை கொட்டையில் நின்றது.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்வளவு எனக்குக் கூடாது ரீச்சர்."

கத்தியைத் திருப்பி வாங்கி, கொட்டையிலிருந்து ஒரு சீவல் சீவி எனக்கு நீட்டினார். அதனூடாக யன்னல் வெளிச்சம் தெரிந்தது.