வாசலில் கட்டிய தழை

அறுபதுகளில் ஒரு முறை, எங்கள் அருங்காட்சியகப் பொருள்களை ஜவ்வாது மலைப் பள்ளிக்கூடம் ஒன்றில் காட்சிக்கு வைத்திருந்தோம். விளக்கிச் சொல்வது என் வேலை. கூட்டம் மொய்த்தது, நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவும் ஏவுகணையின் ஆளுயர மாதிரியைத்தான்.

மலைக்காரர் ஒருவர் மட்டும் அதைத் தொடவில்லை. கண்ணி வைத்துப் பன்றி பிடிக்கிறவர் என்றார்கள். ஒல்லியான உடம்பு, ஒற்றைக் காதில் கடுக்கன். எதையும் முகர்ந்து பார்க்கும் பழக்கம். மேசைக்கு அடியிலும் குனிந்து முகர்ந்தார். திருட வந்தவரோ என்று நான் அவர் கைகளையே பார்த்தேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"இது மரம். நெசமானது எங்க கீதுங்க?"

"கடலுக்கு அடியில, கப்பலுக்குள்ள."

"அங்க இன்னாத்துக்கு ஒளிச்சி வெக்கிறாங்க?"

"இருக்கிற எடம் எதிரிக்குத் தெரியக் கூடாது."

"நாங்க கண்ணி வெச்சா, மனுசன் கால வுட்டுடக் கூடாதுன்னு வழியில தழை கட்டுவோம். இவங்க எங்க கட்டுவாங்க?"

"கடல்ல எப்படிங்க கட்றது?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை வந்தபோது பூட்டு அப்படியே இருந்தது. வாசல் நிலையில் மட்டும் ஒரு கொத்துப் பச்சைத் தழை கட்டியிருந்தது. மாலைவரை மலைக்காரர் ஒருவரும் உள்ளே வரவில்லை. அதை அவிழ்க்க எனக்கும் மனம் வரவில்லை.