பூதத்தின் குரல்

அப்பாவின் தொண்டைக் கரகரப்பை நான் விளையாட்டாக்காமல் இருந்திருந்தால், அவரை முன்பே டாக்டரிடம் காட்டியிருப்பார்களா? இத்தனை வருடம் கழித்தும் எனக்கு விடை தெரியவில்லை.

எண்பதுகளில் நாங்கள் ஆவடியில் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் இருந்தோம். இரண்டாம் வகுப்பில் நான் எழுத்துக் கூட்டி வரியை முடிப்பதற்குள் அதன் தொடக்கம் மறந்துவிடும். வீட்டில் யாராவது தினமும் வாசித்துக் காட்டினால் பிள்ளை தேறிவிடும் என்று டீச்சர் அம்மாவிடம் சொன்னார். அப்பா அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். ஷிஃப்ட் முடிந்து வந்து, கை கழுவி, கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, வரிக்கு அடியில் விரலை நகர்த்திக்கொண்டே வாசிப்பார். கிரீஸ் போகாத அந்த நகத்தின் கூடவே என் கண்ணும் நகரும். அரையாண்டுத் தேர்வுக்குள் நான் வகுப்பில் எழுந்து நின்று ஒரு பாடம் முழுவதையும் திக்காமல் படித்தேன். அந்தச் சந்தோஷத்தில் அப்பா ஒரு கதைப் புத்தகம் வாங்கி வந்தார். பாழுங்கிணற்றில் குடியிருக்கும் பூதத்தின் கதை.

அந்தச் சமயத்தில்தான் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி, குவார்ட்டர்ஸில் பாதி ஆண்களுக்கு அப்படித்தான் குரல். அப்பாவுடன் வேலை செய்த அடுத்த வீட்டு மாமா வாசலில் நின்று கிண்டல் செய்வார்.

"இன்னா அண்ணாத்தே, தொண்டை பஞ்சரா? மொளகுப் பால குட்ச்சிட்டு பட்த்துக்க, காலீல சரியாப் பூடும்."

சரியாகவில்லை. எனக்கோ ஒரே கொண்டாட்டம். பூதத்துக்கு அதைவிடப் பொருத்தமான குரல் எங்கே கிடைக்கும்? மற்ற பக்கங்களைத் தள்ளிவிட்டு, பூதம் பேசும் பக்கங்களையே மறுபடி மறுபடி வாசிக்கச் சொன்னேன். வீட்டுக்கு வந்தவர்களிடமும் பேசிக் காட்டச் சொன்னேன். அப்பா பேசினார். எல்லோரும் சிரித்தார்கள். எச்சில் விழுங்கும்போது அவர் முகம் கோணியதையும் பூதத்தின் சேட்டை என்றே நினைத்தேன். நான்கு மாதம் இப்படிப் போயிற்று.

துப்பியதில் ரத்தம் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஆபரேஷன் முடிந்து திரும்பியவரின் கழுத்தில் ஒரு துளை இருந்தது. குரல் இல்லை.

ஒரு மாலை அவர் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். விட்ட பக்கத்தைப் பிரித்து, வரிக்கு அடியில் விரலை வைத்து, என்னைப் பார்த்தார். நான் வாசிக்க வேண்டுமாம். அப்போது எனக்கு நன்றாகவே படிக்க வரும். ஆனாலும் ஏனோ கோபமாக இருந்தது.

"நீங்க படிச்சாத்தான் கேப்பேன்" என்று சொல்லிவிட்டு விளையாட ஓடினேன். திரும்பி வந்தபோது புத்தகம் அலமாரிக்குப் போயிருந்தது. அதன்பின் அவர் அதை எடுக்கவேயில்லை. அடுத்த பொங்கலுக்கு அவரும் இல்லை.

தான் இல்லாவிட்டாலும் நான் வாசிப்பேனா என்று ஒரு தடவை காதால் கேட்டுத் தெரிந்துகொள்ள நினைத்திருக்கிறார். அந்த வயதில் எனக்கு அது புரியவில்லை.

இப்போது என் மகள் இரண்டாம் வகுப்பு. தினமும் அவளுக்கு வாசிக்கிறேன்; அவள் தேறுவதும் கண்கூடாகத் தெரிகிறது. ஆனால் சளி பிடித்து என் குரல் லேசாகக் கம்மினாலும் புத்தகத்தை மூடிவிடுகிறேன். "ஏம்மா நிறுத்திட்ட?" என்கிறாள். தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விடுகிறேன். காரணத்தை அவளிடம் சொல்லலாமா? சொன்னால், கதை கேட்கவே பயந்துவிடுவாளோ? பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.