கம்பெனி வரலாற்றில் இல்லாத கஸ்தூரி அம்மாள்

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு உத்திரமேரூரிலிருந்து கஸ்தூரி அம்மாளின் தம்பி முனுசாமி போன் செய்தார். "சார், அக்கா பூட்டாங்க சார். காத்தால எழுப்பப் போனேன், எழுந்துக்கல." நான் சட்டையை மாட்டிக்கொண்டிருக்கும்போதே எங்கள் பழைய கம்பெனியின் வாட்ஸ்அப் குழுவில் முன்னாள் எம்.டி.யின் இரங்கல் வந்துவிட்டது. "நம் கம்பெனிக் குடும்பத்தின் அமைதியான உழைப்பாளி ஒருவரை இழந்தோம்." எனக்குத் தனியாகவும் ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: நினைவஞ்சலியை நீங்களே எழுதிவிடுங்கள், நான்கு வரி போதும்.

நான்கு வரி போதாது ஐயா. அவர் அமைதியானவரும் அல்ல. பெயரைச் சொல்லக்கூட மனம் வராத உங்களுக்கு உழைப்பாளி என்று சொல்ல மட்டும் எப்படி வாய் வந்தது?

கஸ்தூரி அம்மாளை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். உத்திரமேரூரை ஒட்டிய கிராமத்தில் நெல் பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவர். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு, கிண்டியில் எங்கள் கம்பெனியின் சோதனைப் பிரிவில் சேர்ந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஏசி அறைக்குள் போய்க் கணினியைத் தரிசித்த காலம் அது. ஓர் ஊர்க் கணினி இன்னோர் ஊர்க் கணினியோடு டெலிபோன் கம்பி வழியே பேச ஒரு பெட்டி வேண்டும். அதுதான் மோடம். வெளிநாட்டுப் பெட்டி யானை விலை விற்றது. அதை இங்கேயே செய்து காட்டுகிறோம் என்று ஒரு மொட்டை மாடிக் கொட்டகையில் தொடங்கிய கம்பெனி எங்களுடையது. பெட்டியோடு போகும் கையேடுகளை எழுதுவது என் வேலை.

சோதனைச் சீட்டில் அவர் கையெழுத்துப் போடாமல் ஒரு பெட்டியும் வாசலைத் தாண்டாது. ஒருமுறை எம்.டி. நேரே வந்து, டில்லிக்கு இன்றே அனுப்பியாக வேண்டும் என்று நின்றார். கஸ்தூரி அம்மாள் எழுந்து நின்று மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "அனுப்புங்க சார். என் கையெழுத்து மட்டும் அதுல இருக்காது." பெட்டி இரண்டு நாள் கழித்துத்தான் போனது.

பிறகு அந்த வங்கி விவகாரம் வந்தது. ஒரு வங்கி தன் கிராமக் கிளைகளுக்கு எங்கள் மோடங்களை வாங்கியிருந்தது. உத்திரமேரூர்க் கிளையில் தினமும் இணைப்பு அறுந்தது. எங்கள் பொறியாளர்கள் சாவகாசமாகக் காரில் கிளம்பி, நண்பகலில் போய்ச் சேருவார்கள். அப்போது பெட்டி ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். "பழுது இல்லை, டெலிபோன் இலாகாவின் கோளாறு" என்று எழுதிவைத்துவிட்டுத் திரும்புவார்கள். மூன்று முறை இப்படியே நடந்தது. பெட்டிகள் அத்தனையையும் திருப்பி அனுப்பப் போவதாக வங்கி கடிதம் எழுதியது. அப்படி நடந்திருந்தால் கம்பெனியை இழுத்து மூடியிருக்க வேண்டியதுதான்.

அவசரக் கூட்டத்தில் கஸ்தூரி அம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எத்தினி மணிக்குப் போய்ப் பாத்தீங்க?" பெரிய படிப்புப் படித்தவர்கள் தங்கள் அறிக்கைகளைப் புரட்டினார்கள்; மூன்றிலும் நண்பகல்தான். அவர் விடுப்புப் போட்டுவிட்டு ஊருக்குப் போனார். மறுநாள் முதல் பஸ்ஸில் வரச் சொல்லி என்னையும் வரவழைத்தார்.

வங்கியில் இருவரும் மோடத்தின் எதிரே உட்கார்ந்திருந்தோம். சரியாகப் பத்து மணிக்கு மின்விசிறி தொய்ந்தது. ட்யூப் லைட் ஒருமுறை கண் சிமிட்டியது. மோடத்தின் பச்சை விளக்கு அணைந்து மறுபடி எரிந்தது. இணைப்பு போயிருந்தது.

"பாத்தீங்களா சார்? த்ரீ பேஸ் கரண்ட்டு வுட்டாங்க" என்றார். "எல்லாரும் பம்பு செட்ல கரண்ட்டு வந்தா தானா ஓடற மாதிரி ஆட்டோ போட்டு வெச்சிக்கினு கீறாங்க. அத்தினி மோட்டாரும் ஒண்ணா எடுக்குது, வோல்டேஜ் படுத்துக்குது. அந்த ஒரு நொடியத் தாங்க நம்ம பொட்டிக்குத் தெம்பு இல்ல. இதுக்கு டெலிபோன்காரன் இன்னா பண்ணுவான்?"

கிண்டியில் சோதனை மேசைக்கு ஸ்டெபிலைசர் உண்டு. அங்கே இந்தப் பழுது நூறு வருடம் ஆனாலும் தெரிந்திருக்காது. கஸ்தூரி அம்மாள் கைப்பையிலிருந்து ஒரு பெரிய கெப்பாசிட்டரை எடுத்தார். மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக் கொடுக்கும் சின்னப் பாகம் அது. அங்கேயே பெட்டியைத் திறந்து அதை ஈயம் வைத்துப் பற்றவைத்தார். அடுத்த நாள் பத்து மணிக்கும் அங்கே இருந்தோம். மின்விசிறி தொய்ந்தது, பச்சை விளக்கு அசையவில்லை.

அதன்பிறகு எங்கள் மோடங்கள் எல்லாவற்றிலும் அந்தக் கெப்பாசிட்டர் இருந்தது. "கிராமத்திலும் அறுபடாத இணைப்பு" என்று விளம்பரம் செய்து, மாநிலம் மாநிலமாக விற்றார்கள். கஸ்தூரி அம்மாளுக்குக் கிடைத்தது ஆயுத பூஜைக்கு எல்லோருக்கும் கொடுத்த எவர்சில்வர் டப்பா. பிற்பாடு ஒரு வெளிநாட்டு நிறுவனம் கம்பெனியை வாங்கியதும் முதலில் மூடியது சோதனைப் பிரிவைத்தான். அவர் ஊர் திரும்பி, தம்பி வீட்டு முன்னறையில் பம்பு செட் ஸ்டார்ட்டர்களைப் பழுது பார்க்கும் கடை போட்டார்.

இனி என் அயோக்கியத்தனத்தைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் எம்.டி. கம்பெனியின் வரலாற்றைப் புத்தகமாகப் போட விரும்பினார். எழுதியவன் நான். ஐம்பத்திரண்டாம் பக்கத்தில் கஸ்தூரி அம்மாளின் பெயரைப் போட்டு, நடந்ததை நடந்தபடியே எழுதியிருந்தேன். "தனி ஆள் பெயரெல்லாம் எதற்கு? தலைமையின் தொலைநோக்கு என்று மாற்றுங்கள்" என்றார். தலைமை என்றால் அவர்தான். நான் மாற்றினேன். கஸ்தூரி அம்மாளின் பெயரை அடித்தது என் கை. உத்திரமேரூர்ப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத மனிதருக்கு அந்தப் பத்து மணியைத் தூக்கிக் கொடுத்தேன்.

வெட்கமில்லாமல் புத்தகத்தைக் கொண்டுபோய் கஸ்தூரி அம்மாளிடமும் கொடுத்தேன். அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். "அன்னிக்கு நீங்களும்தானே சார் கூட இருந்தீங்க?" என்று கேட்டார். அடுத்த பதிப்பில் சரிசெய்கிறேன் என்று உளறினேன். அவர் புத்தகத்தை மூடி வைத்தார். வேலை மேசையில் ஒரு பழைய மோடத்தின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இது எதற்கு என்று கேட்டேன். "நம்ம பொட்டி எத்தினி வருசம் தாங்குதுன்னு பாத்துக்கினு கீறேன். டெஸ்ட்டு இன்னும் முடியல சார்" என்றார். அடுத்த பதிப்பு வரவேயில்லை. நானும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது அவரை அந்த முன்னறையில்தான் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். ஸ்டார்ட்டர்களைச் சுவரோரம் ஒதுக்கியிருந்தார்கள். மேசையில் அந்த மோடம் இருந்தது. "அத்த மட்டும் நிறுத்தக் கூடாதுன்னு அக்கா சொல்லிக்கினே இருக்கும் சார். அதான் வுட்டுட்டேன்" என்றார் முனுசாமி.

பத்து மணிக்கு எங்கோ வயல் பக்கம் மோட்டார்கள் எடுத்தன. ஐஸ் பெட்டியின் உறுமல் நின்று, மறுபடி தொடங்கியது. மின்விசிறி தொய்ந்தது. நான் மேசையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பச்சை விளக்கு அசையவில்லை.

எம்.டி. அவர்களே, உங்கள் குழுவில் இதை முழுசாகப் போடுங்கள். போடாவிட்டால் நானே போடுகிறேன். அறுபடாத இணைப்பைக் கொடுத்தவர் கஸ்தூரி அம்மாள். பொய் எழுதியவன் நான், எழுத வைத்தவர் நீங்கள்.

டெஸ்ட் முடிந்தது அம்மா. உங்கள் பெட்டி தாங்கிவிட்டது. தாங்காமல் போனது நான்தான். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய் வாருங்கள்.