கிள்ளிய இலை

ஸ்பெயினில் இடிந்துபோன பழைய துறவிமடம் ஒன்றின் கற்களைக் கப்பலில் கொண்டுவந்து அமெரிக்கப் பூங்கா ஒன்றில் அடுக்கியிருந்தார்கள். நடுவே மூலிகைத் தோட்டம். தான் குடியிருக்கும் குபெர்டினோவிலிருந்து மகன் என்னையும் மனைவியையும் காரில் அழைத்துப் போயிருந்தான். தோட்டக்காரர் என் வயதுக்காரர், வெள்ளைக்காரர். ஒவ்வொரு செடியையும் மண்டியிட்டுத்தான் பார்ப்பார். முழங்கால் இரண்டிலும் மண்.

நான் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தேன்.

"துளசின்னு நினைப்பா? எதைப் பார்த்தாலும் கிள்ளணும் உங்களுக்கு," என்றாள் மனைவி.

சற்று நேரத்தில் தோட்டக்காரர் ஒடிந்த காம்பைக் கண்டுவிட்டார். "இது விஷச்செடி. யார் பறித்தது? எனக்குக் கோபமில்லை. குழந்தைகள் யாராவது தின்றார்களா என்று தெரிந்தால் போதும்," என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். "தெரியாது," என்றேன். மனைவி என்னையே பார்த்தாள்.

அங்கிருந்த பத்துப் பன்னிரண்டு குழந்தைகளின் எதிரிலும் மண்டியிட்டு, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். நான் கிள்ளிய கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டேன்.

நாங்கள் வெளியேறும்போது அவர் என்னிடம் குழாயைக் காட்டி, "சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சார். கண்ணைத் தொட்டுவிடாதீர்கள்," என்றார்.

எல்லோரிடமும் அப்படிச் சொன்னாரா, என்னிடம் மட்டுமா? நின்று கவனிக்கக்கூடத் துணியாமல் காருக்கு நடந்துவிட்டேன்.